கடன் தீர்ந்ததா, இடம் மாறியதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

முன்னுரை

அண்ணாமலையை வலம் வருபவர் 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருகிறார். கால் வலித்தாலும் அவர் மனம் நிறைந்திருக்கிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குபவரும் அவ்வாறே ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருகிறார். ஆனால் அவர் தோளில் இருக்கும் சுமை புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருக்கிறது. இந்தச் சுற்றை என் குடும்பம் ஒரு முறை சுற்றி வந்தது. அதிலிருந்து வெளியேற எங்களுக்கு வழிகாட்டியது பள்ளியில் படித்த கணக்கு. அந்தக் கணக்கை மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தாய் தந்தையர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர். எங்கள் வீட்டில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே வங்கியிலிருந்து வரும் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது. நம் கல்லூரியில் என்னைப் போன்ற நிலையில் உள்ளவர்கள் பலர் என்பதை அறிவேன். அவர்களுக்கு இது பயன்படுமானால் மகிழ்வேன்.

மிகைப்பற்றும் கடன் அட்டையும்

வங்கிக் கணக்கில் நம் பணம் தீர்ந்த பிறகும், ஒரு வரம்புக்கு உட்பட்டுப் பணம் எடுத்துக்கொள்ள வங்கி இசைவு தருவது மிகைப்பற்று எனப்படும். கடைக்காரர்கள் இதை 'ஓ.டி.' என்பார்கள். 1728-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் ஹாக் என்னும் வணிகருக்கு, அவர் கணக்கில் இருந்ததைவிட 1,000 பவுண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இசைந்தது. மிகைப்பற்றின் தொடக்கமாக இதனையே கூறுவர். சரக்கு வாங்கும் நாளுக்கும் விற்றுக் காசாகும் நாளுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்ப வந்த ஏற்பாடு அது. எத்தனை ரூபாயை எத்தனை நாள் எடுத்து வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டுமே வட்டி. சரக்கு விற்றதும் பணத்தைத் திரும்பப் போட்டுவிட்டால் இதைவிட நல்ல கடன் கிடையாது. போடாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வின்றி வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

கடன் அட்டையின் வயது குறைவு. 1950-இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. இந்தியாவில் 1980-இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா தன் அட்டையை வெளியிட்டது. இந்த மாதம் வாங்கிய பொருளுக்குக் குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் வட்டி இல்லை என்பது இதன் சிறப்பு. முழுத் தொகையைச் செலுத்தாதவருக்கு இச்சலுகை போய்விடுகிறது. அதன் பின் அவர் வாங்கும் புதுப் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி விழுகிறது.

அட்டையில் உள்ள வரம்பைப் பொருள் வாங்கப் பயன்படுத்தாமல், பணமாகவே வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. அப்படி மாற்றிய பணத்தைக் கொண்டு மிகைப்பற்றை அடைப்பதுதான் நாம் ஆராய எடுத்துக்கொண்ட செயல்.

எங்கள் கடை

கிரிவலப் பாதையில் என் தந்தையார் பூசைப் பொருள் கடை வைத்திருக்கிறார். அகல், திரி, கற்பூரம், பித்தளை விளக்கு, சாமி படம் ஆகியவை எங்கள் சரக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வியாபாரம். கார்த்திகைத் தீபம் எங்களுக்கு அறுவடை. 2019-இல் ஒரு வங்கி அவருக்கு 1,00,000 ரூபாய் வரம்பில் மிகைப்பற்று வழங்கியது. வட்டி ஆண்டுக்கு 13 விழுக்காடு. தீபத்திற்குச் சரக்கு எடுப்பார். தீபம் முடிந்ததும் பணத்தைப் போட்டுவிடுவார். முதல் ஆண்டு அப்படித்தான் நடந்தது.

2020 மார்ச்சு மாதம் கொரோனாவை முன்னிட்டுக் கிரிவலத்திற்குத் தடை வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி வந்தது, கூட்டம் வரவில்லை. கடை திறக்காத நாளிலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! மிகைப்பற்றிலிருந்து எடுத்த பணம் சரக்காகவில்லை, சாப்பாடாயிற்று. சாப்பிட்டது திரும்பக் காசாவதில்லை. 2022-இல் கிரிவலம் மீண்டும் தொடங்கிய பிறகு மாத வட்டியைக் கட்ட முடிந்ததே ஒழிய, முதலைக் குறைக்க முடியவில்லை.

2023 அக்டோபரில் நிலுவை 80,000 ரூபாய். கணக்கை ஒரு முறை நேர் செய்து காட்டினால்தான் வரம்பைப் புதுப்பிக்க முடியும் என்று வங்கியில் கூறிவிட்டார்கள். அந்த ஆண்டு நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். கல்லூரியில் சேராமல் தந்தையாருக்குத் துணையாகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு கதவுகள் எங்களுக்குத் திறந்திருந்தன. ஒன்று, நாள் வசூல் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாய் கொடுப்பார்கள். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே கழிந்தது, 10 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் 9,000 ரூபாயும் நம்மிடம் 100 நாளும் இருப்பதில்லை. இரண்டாம் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முறைப்படி கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 77 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே இயற்றப்பட்டது. என் தந்தையார் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உறுதியாக இருந்தார்.

மற்றொரு கதவை அண்ணன் திறந்தார். அவர் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கடன் அட்டை வைத்திருந்தார்.

"அப்பா, கவலைப்படாதீங்க. என் கார்டுல இருந்து பேங்க் கணக்குக்கே பணம் மாத்திக்கலாம்னு மெசேஜ் வந்திருக்கு. பன்னிரண்டு மாசத் தவணை. வட்டி ஒன்றரை பர்சென்ட்தான்."

"அப்படியா! இங்க பதிமூணு கட்டிக்கிட்டு இருக்கோம். அதுக்கு இது எவ்வளவோ தேவலாமே" என்றார் அப்பா.

ஒரே வாரத்தில் 80,000 ரூபாய் வந்தது. மிகைப்பற்று அடைந்தது. வரம்பு புதுப்பிக்கப்பட்டது. வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

ஒன்றரையும் பதின்மூன்றும்

நம் ஊரில் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று பொருள். வங்கியில் 13 விழுக்காடு என்றால் அது ஆண்டுக் கணக்கு. ஊர்ப் பேச்சில் சொன்னால் அது ஒரு ரூபாய் எட்டுக் காசு வட்டிதான். அண்ணன் சொன்ன ஒன்றரையோ மாதக் கணக்கு; ஆண்டுக்கு 18 விழுக்காடு. முழத்தையும் மீட்டரையும் ஒப்பிட்டு, எண் சிறியதாக இருப்பதால் துணி குறைவு என்று முடிவு கட்டியதைப் போன்றது எங்கள் முடிவு.

இது மட்டுமன்று. பணம் மாற்றக் கட்டணம் 2.5 விழுக்காடு; அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மேலும், வங்கிக் கடனுக்குச் செலுத்தும் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கடன் அட்டைக்குச் செலுத்தும் வட்டிக்கு உண்டு. பலரும் அறியாத செய்தி இது. ஆக எங்கள் 80,000 ரூபாய்க்கு ஆன செலவு வருமாறு:

கட்டணமும் அதன் மேல் வரியும் – 2,360 ரூபாய்.
12 மாத வட்டி (மாதத் தவணை 7,334 ரூபாய் வீதம்) – 8,013 ரூபாய்.
வட்டியின் மேல் வரி – 1,442 ரூபாய்.
மொத்தம் – 11,815 ரூபாய்.

இதே 80,000 ரூபாயை மிகைப்பற்றிலேயே வைத்திருந்து, 12 மாதச் சம தவணையில் அங்கேயே அடைத்திருந்தால் வட்டி ஏறக்குறைய 5,745 ரூபாய்தான் ஆகியிருக்கும். கடனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தூக்கி வைத்ததற்கு நாங்கள் கொடுத்த கூலி 6,070 ரூபாய்.

மாற்றினால் இலாபமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. 12 மாதச் சம தவணையில் முதல் தவணைப் பணம் நம்மிடம் ஒரு மாதம் இருக்கிறது. கடைசித் தவணைப் பணம் 12 மாதம் இருக்கிறது. சராசரி ஆறரை மாதம். எனவே கட்டணத்தை 12-ஆல் பெருக்கி ஆறரையால் வகுக்க வேண்டும். எங்கள் கட்டணம் வரியுடன் 2.95 விழுக்காடு. அதை இவ்வாறு வகுத்தால் 5.45 வருகிறது. பழைய வட்டியைவிடப் புது வட்டி ஆண்டுக்கு 5.45 விழுக்காடாவது குறைந்திருந்தால்தான் கட்டணமே ஈடாகும். 13-இல் இதைக் கழித்தால் 7.55. வட்டியின் மேல் வரும் வரியையும் விலக்கிப் பார்த்தால் அட்டை வட்டி ஆண்டுக்கு 6.4 விழுக்காட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்ததோ 18.

வேறு நாட்டில் இதே கணக்கு

இதே செயல் இலண்டனில் இலாபம் தரலாம். பிரிட்டனில் 2020 ஏப்ரலில் வந்த விதிமுறையின்படி மிகைப்பற்றுக்கு ஆண்டு வட்டி ஒன்றை மட்டுமே ஒரே விகிதத்தில் வாங்க வேண்டும் என்றாயிற்று. பெரிய வங்கிகள் பல அந்த வட்டியை 40 விழுக்காட்டை ஒட்டி வைத்தன. அங்கே குறிப்பிட்ட மாதங்கள் வரை வட்டியே இல்லாமல், கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு பணம் மாற்றித் தரும் அட்டைகளும் உண்டு. 1,000 பவுண்டு மிகைப்பற்று ஓராண்டு கிடந்தால் வட்டி 400 பவுண்டை நெருங்கும். 4 விழுக்காடு கட்டணத்தில் மாற்றினால் செலவு 40 பவுண்டு. அங்குள்ள உறவினர் ஒருவர் "நான் மாற்றினேன், தப்பித்தேன்" என்று சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். அதைக் கேட்டு இங்குள்ளவர் மாற்றினால் நட்டப்படலாம். பிறர் அனுபவத்தை வாங்கிக்கொள்ளும்போது அவருடைய வட்டி விகிதத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

திறந்தே கிடந்த கதவு

6,070 ரூபாயோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. உண்மையான தீங்கு பிறகு வந்தது.

மிகைப்பற்று அடைந்தது என்றேன்; மூடப்பட்டது என்று சொல்லவில்லை. 1,00,000 ரூபாய் வரம்பு காலியாக, கையெட்டும் தூரத்தில் நின்றது. 2023 நவம்பர் 26-இல் தீபம். சரக்குக்காக 60,000 எடுத்தோம். விற்று வந்த பணத்தில் ஒரு பகுதி அட்டைத் தவணைக்குப் போயிற்று. கடைக் கூரை ஒழுகியதால் இன்னும் கொஞ்சம் எடுத்தோம். பொங்கலுக்குள் மிகைப்பற்று மீண்டும் முழு வரம்பையும் தொட்டுவிட்டது.

அண்ணன் பக்கமும் இதே கதைதான். மாதம் 7,334 ரூபாயும் அதன் வரியும் சம்பளத்தில் கழிந்தன. மீதிப் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதவில்லை. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே அட்டையைத் தேய்த்தார். தவணைக்குச் சம்பளம் போயிற்று. சம்பளம் செய்ய வேண்டிய வேலைக்கு அட்டை வந்தது.

2024 ஜூனில் நம் கல்லூரியில் சேர விண்ணப்பித்திருந்தேன். சேர்ந்தால் கடையை யார் பார்ப்பது என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அன்றுதான் எல்லாக் காகிதங்களையும் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தேன்.

மிகைப்பற்று – 1,00,000 ரூபாய்.
அட்டைத் தவணையில் மீதி முதல் – 35,078 ரூபாய்.
அட்டையில் பொருள் வாங்கிய நிலுவை – 27,000 ரூபாய்.
மொத்தம் – 1,62,078 ரூபாய்.

80,000 ரூபாய்க் கடனை "அடைத்த" எட்டே மாதத்தில் அது இரு மடங்காகியிருந்தது. யாரும் சூதாடவில்லை, யாரும் குடிக்கவில்லை.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது மற்றொன்று. அட்டையின் 27,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு. அதாவது மாதம் 945 ரூபாய். வரியுடன் 1,115 ரூபாய். மிகைப்பற்றின் 1,00,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,083 ரூபாய். இருபத்தேழாயிரம் ரூபாய்க் கடன், ஒரு இலட்சம் ரூபாய்க் கடனைவிட அதிகமாகத் தின்றுகொண்டிருந்தது!

அப்பாவிடம் கேட்டேன்: "யாராவது மூணு வட்டிக்குப் பணம் கொடுத்தா வாங்குவீங்களா, அப்பா?"

"மூணு வட்டியா? கடையை எழுதிக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

"நம்ம வீட்டுல வாங்கியிருக்கிறது மூன்றரை வட்டி."

அவர் வெகு நேரம் பேசவில்லை. அண்ணனைத் திட்டவும் இல்லை.

மீண்டும் ஒரு மாற்றம்

இங்கே ஒரு வினா எழலாம். கடனைக் கடனால் அடைப்பது எப்போதுமே தவறா? அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் மீண்டதும் ஒரு கடன் மாற்றத்தினால்தான்.

அம்மாவிடம் இரண்டு பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. வங்கியில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9.5 விழுக்காடு என்று விசாரித்து வந்தேன். அட்டைக் கடன் 62,078 முழுவதையும் நகைக்கடனால் அடைத்துவிடலாம் என்பதே என் முதல் எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தபோது அது சரியில்லை என்று தெரிந்தது. தவணையை முன்கூட்டியே முடித்தால் மீதி முதலில் 3 விழுக்காடும் அதன் மேல் வரியும் சேர்த்து 1,241 ரூபாய் கட்டணம். மீதி ஐந்து தவணைகளையும் அப்படியே கட்டினால் வட்டியும் வரியும் 1,881 ரூபாய். அதையே நகைக்கடனாக்கி ஐந்து மாதத்தில் கட்டினால் வட்டி ஏறக்குறைய 835 ரூபாய். கட்டணத்தையும் சேர்த்தால் 2,076. ஏறக்குறைய 200 ரூபாய் நட்டம். எனவே தவணையைத் தொடக் கூடாது. 27,000 ரூபாய் நிலுவையை மட்டும் மாற்ற வேண்டும். அதன் மாதச் செலவு 1,115 ரூபாயிலிருந்து 214 ரூபாயாகக் குறையும்.

அம்மா சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கழுத்துல கிடந்தா என்ன, பேங்க் பெட்டியில கிடந்தா என்ன? கடன் குறையும்னு நீ கணக்குப் போட்டுச் சொல்றியே, அது நெசம்தானே?"

பிளஸ் டூ தேர்வில் கணக்கைத் தவறாகப் போட்டால் மதிப்பெண் போகும். இங்கே போவது அம்மாவின் சங்கிலி. அன்றிரவு மூன்று முறை முதலிலிருந்து போட்டுப் பார்த்த பிறகே "நெசம்தான் அம்மா" என்று சொன்னேன்.

சங்கிலி வங்கிக்குப் போனது. இம்முறை பழைய கதவுகளை மூடினோம். அண்ணன் அட்டையை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அக்டோபரில் கடைசித் தவணை முடிந்ததும் அதை முறைப்படி இரத்து செய்தார். மிகைப்பற்று வரம்பை மாதம் 4,000 ரூபாய் வீதம் குறைத்துக்கொண்டே வருமாறு அப்பா வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். வரம்பு 1,00,000-ஆக இருந்தவரை அது முழுவதும் தம் பணம் என்றே அவர் மனம் எண்ணியது. வரம்பு இறங்க இறங்க, விற்ற காசை உடனே வங்கியில் போட வேண்டிய கட்டாயம் வந்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்குக் கிடைத்த மாதம் 1,000 ரூபாய் என் பேருந்துக்கும் புத்தகத்திற்கும் ஆயிற்று. வீட்டில் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனதும் ஒரு துணைதான்.

2025 பங்குனியில் அம்மாவின் சங்கிலி திரும்பி வந்தது. இதை எழுதும் 2026 ஜனவரியில் மிகைப்பற்று வரம்பு 40,000 ரூபாய். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் அது இருக்கும் இடம் ஒன்றே, திசையும் கீழ்நோக்கியே.

உழவர் வீடுகளில்

இது கடைக்காரர் சிக்கல் மட்டுமன்று. செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் நண்பர்கள் பயிர்க்கடனைப் பற்றிச் சொல்லுவார்கள். 1998-இல் அறிவிக்கப்பட்ட கிசான் கடன் அட்டையின் கீழ் 3 இலட்சம் ரூபாய் வரை 7 விழுக்காட்டில் கடனும், உரிய நாளில் கட்டுவோருக்கு மேலும் 3 விழுக்காடு சலுகையும் அளிக்கப்பட்டன. நாள் தவறினால் சலுகை போய்விடும். எனவே கெடு நாளில் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, ஓரிரு நாளில் புதுக் கடன் எடுத்துக் கைமாற்றைத் திருப்புகிறார்கள். நகைக்கடனைத் திருப்பி வைப்பதும் இவ்வாறே. இந்த இரண்டு நாளுக்குக் கைமாற்றுக் கொடுத்தவர் வாங்கும் தொகையையும் உழவர் தம் வட்டியில் சேர்த்து எண்ண வேண்டும். பெரும்பாலோர் அதைச் செலவு என்று எழுதுகிறார்களே அன்றி வட்டி என்று எழுதுவதில்லை.

சட்டம் தரும் துணை

கடன் அட்டை குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் விரிவான விதிகளை வெளியிட்டது. அட்டையை மூடக் கோரினால், நிலுவை இல்லாத நிலையில் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று அதில் வகுக்கப்பட்டது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதால் வரும் விளைவைப் பட்டியலிலேயே எச்சரிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் துணைக்கு வராது. 30 விழுக்காட்டுக்கு மேல் கடன் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்து செய்துவிட்டது. கடனின் முழுச் செலவையும் ஒரே ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் பிறப்பித்த ஆணையிலும் கடன் அட்டை நிலுவைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே அந்தத் தாளை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

முடிவுரை

நண்பர்களே, கடனை மாற்றும்முன் நான்கு வினாக்களை ஒரு தாளில் எழுதி விடை காணுங்கள்.

1. மாற்றுவதற்குக் கட்டணமும் வரியுமாக எவ்வளவு?
2. பழைய வட்டி, புது வட்டி இரண்டையும் ஆண்டுக் கணக்கில் வைத்து ஒப்பிட்டேனா?
3. மாதத் தவணை வருமானத்திலிருந்து வருமா, வேறொரு கடனிலிருந்து வருமா?
4. பழைய கடனின் கதவை எந்த நாளில் மூடப் போகிறேன்?

முதல் இரண்டுக்கும் கணிதம் விடை சொல்லும். மூன்றாவதற்கு வீட்டுச் செலவுக் குறிப்பேடு விடை சொல்லும். நான்காவதற்கு விடை நம்மிடமே இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்காவது வினாவைக் கேட்பார் இல்லாததால்தான் பாயசம் வைத்த நாள் கடன் இரட்டித்த கதையின் முதல் நாளாயிற்று.

நம் பெற்றோர் நம்மைப் படிக்க வைப்பது வேலைக்காக மட்டும் என்று நினைக்கிறோம். வேலை கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். வீட்டு மேசை மேல் கிடக்கும் வங்கிக் காகிதத்தை இன்று மாலையே எடுத்துப் படிக்கலாம். பட்டம் பெறும் முன்பே வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவி அது. விடை வந்ததும் அம்மா கேட்பார், "நெசம்தானே?" என்று. அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் அளவுக்குக் கணக்கைச் சரியாகப் போடக் கற்றுக்கொள்வோமாக!